வேலையை விடாதீர்கள், எழுத்தையும் விடாதீர்கள்

எழுத வருகிற பிள்ளைகள் என்னிடம் பிரிட்டிஷ் எழுத்தாளர்களின் மேதைமை பற்றித்தான் கேட்கிறார்கள். அவர்கள் எப்படிச் சாப்பிட்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நான் சொல்ல விரும்புவது அதைத்தான்.

1. ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். ஆன்டனி ட்ராலப் 1834 முதல் 1867 வரை தபால் இலாகா உத்தியோகஸ்தர். விடியற்காலை ஐந்தரைக்கெல்லாம் மேசைக்கு வந்துவிடுவார். காப்பியோடு வந்து எழுப்பிவிட வேலைக்காரருக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதல் சம்பளம். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொற்கள் எழுதுவார், பிறகு ஆபீஸ். இலாகா வேலையாக ஊர் ஊராகப் போகும்போது ரயில் பெட்டியில் பென்சிலால் எழுதுவார், மனைவி படியெடுத்துத் தருவார். இப்படி எழுதியவர் மொத்தம் 47 நாவல்கள் தந்தார். அதற்காக ஆபீஸ் வேலையில் ஏமாற்றியவரும் அல்ல. சேனல் தீவுகளில் தெருவோரத் தபால் பெட்டி வைக்கலாம் என்று யோசனை சொன்னவர் அவர்தான். ‘தி வேஸ்ட் லேண்ட்’ கவிதை வெளியான 1922-இல் டி. எஸ். எலியட் லாய்ட்ஸ் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கவிஞர் ஃபிலிப் லார்கின் 1955 முதல் சாகும்வரை ஹல் பல்கலைக்கழக நூலகர். சம்பளம் கவிதையைக் கெடுக்கும் என்று இவர்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

2. காப்புரிமையை மொத்தமாக எழுதிக் கொடுக்காதீர்கள். ஜேன் ஆஸ்டின் 1803-இல் ஒரு நாவலை 10 பவுண்டுக்கு விற்றார். வாங்கிய பதிப்பாளர் அச்சிடாமலே வைத்திருந்தார். அதே 10 பவுண்டைக் கொடுத்து அதை மீட்டபோது 1816 ஆகிவிட்டது. ‘நார்த்தாங்கர் அபி’ என்ற பெயரில் அது வெளிவந்தபோது ஆசிரியர் உயிரோடு இல்லை. ‘பிரைட் அண்ட் பிரஜுடிஸ்’ உரிமைக்கு அவர் கேட்டது 150 பவுண்டு, கிடைத்தது 110. அடுத்தடுத்த பதிப்புகளின் லாபமெல்லாம் பதிப்பாளருக்கே போயிற்று.

3. முதல் புத்தகம் விற்காது. பிரான்டி சகோதரிகள் மூவரும் 1846-இல் ஆண்பெயர் போலத் தோன்றும் புனைபெயர்களில், கைக்காசு போட்டுக் கவிதைத் தொகுப்பு கொண்டுவந்தார்கள். ஓராண்டில் விற்றது இரண்டே பிரதி. அவர்களில் ஒருவரான ஷார்லட்டின் முதல் நாவலையும் பதிப்பகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. அவற்றில் ஒன்று மட்டும் காரணத்தை விளக்கி, மூன்று பாக நாவல் இருந்தால் பார்க்கிறோம் என்று எழுதியது. எழுதிக்கொண்டிருந்த ‘ஜேன் அயர்’ நாவலை முடித்துச் சில வாரங்களில் அனுப்பிவிட்டார் ஷார்லட். 1847 அக்டோபரில் புத்தகமே வந்துவிட்டது. மறுப்புக் கடிதம் வந்தால் கோபம் தணிந்த பிறகு இன்னொரு தடவை படியுங்கள்.

4. விமர்சனம் யாரையும் கொல்லாது. கவிஞர் கீட்ஸைக் கொன்றது பத்திரிகை விமர்சனம் என்று இன்றும் மேடையில் சொல்கிறார்கள். பைரன் கிளப்பிவிட்ட கேலியும் அதற்குத் துணை. கீட்ஸ் செத்தது காசநோயால். தாயும் தம்பி டாமும் போனதும் அதே நோயில்தான். 1818-இல் அவரைக் கிழித்தார்கள். அடுத்த ஆண்டில்தான் அவருடைய மகத்தான ‘ஓட்’ (ode) கவிதைகள் பலவும் பிறந்தன.

5. கடன் வேண்டாம். வால்டர் ஸ்காட் 1826-இல் நொடித்தபோது தலைமேல் 1,20,000 பவுண்டுக்கு மேல் கடன். எழுதியே அடைக்கிறேன் என்றார், மானஸ்தர். ஆறு வருடத்தில் உடம்பு போயிற்று, 1832-இல் ஆளும் போனார். அந்த ஆறு வருட எழுத்தும் அவருடைய சிறந்த எழுத்து அல்ல.

6. வயதாகிவிட்டது என்று என்னிடம் புலம்பாதீர்கள். நாவலாசிரியர் தாமஸ் ஹார்டியின் முதல் கவிதைத் தொகுப்பு வந்தபோது அவருக்கு வயது 58. பெனலோப் ஃபிட்ஸ்ஜெரால்டின் முதல் நூலும் 58 வயதில்தான். அதற்குமுன் பிள்ளைகளை வளர்த்தார், பள்ளியில் பாடம் எடுத்தார், தேம்ஸ் நதியில் குடியிருந்த படகு மூழ்கியதையும் பார்த்தார். அந்தப் படகு வாழ்க்கையை ‘ஆஃப்ஷோர்’ நாவலாக்கி 1979-இல் புக்கர் பரிசு வாங்கினார்.

7. முதலில் எதைப் படிப்பது என்று கேட்டால், 1883-இல் வந்த ட்ராலப்பின் சுயசரிதையைச் சொல்வேன். எந்தப் புத்தகம் எவ்வளவு சம்பாதித்தது என்று கடைசியில் பட்டியலே போட்டிருக்கிறார். கூட்டுத்தொகை 68,939 பவுண்டு, 17 ஷில்லிங், 5 பென்ஸ். இலக்கியத்தைக் கூலிக்கணக்கு ஆக்கிவிட்டார் என்று அந்தக் காலத்தில் பலர் முகம் சுளித்தார்கள். நீங்கள் சுளிக்காமல் படியுங்கள்.