நோயுற்ற முதியோரின் மூச்சும் மனமும்

நீண்ட ஆயுள் வேறு, நல்வாழ்வு வேறு. எச்.ஐ.வி. நோயும் நுரையீரல் நோயும் ஒருங்கே உடைய முதியோர் நிலையை ஆராயுமிடத்து இவ்வுண்மை நமக்கு நன்கு விளங்கும்.

நம் நாட்டில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலாக 1986-ஆம் ஆண்டில், சென்னையில், டாக்டர் சுனிதி சாலமன், டாக்டர் நிர்மலா ஆகியோரின் முயற்சியால் கண்டறியப்பட்டது. அக்காலத்தில் இந்நோய்க்கு ஏற்ற மருந்து நம் எளியோர்க்குக் கிட்டவில்லை. 1928-இல் காசநோயாளருக்கென நிறுவப்பெற்ற தாம்பரம் சானடோரியம் 1993 முதல் இந்நோயாளரையும் ஏற்று ஆதரித்தது. 2004 ஏப்ரலில் அரசாங்கம் கூட்டு மருந்தை இலவசமாக வழங்கத் தொடங்கிற்று. அன்று நாற்பது வயதில் மருந்துண்ணத் தொடங்கியோர் இன்று அறுபதைக் கடந்துள்ளனர்.

ஆயினும் அவர்தம் நுரையீரல் பழுதுறுதல் உண்டு. முன்னர் வந்த காசநோயும் நிமோனியாவும் விட்டுச்சென்ற வடு, புகையிலை, விறகடுப்பின் புகை, கிருமி அடங்கிய பின்னும் உடலினுள் நீடிக்கும் அழற்சி ஆகியன இதற்குக் காரணங்களாம்.

மூச்சுக்கும் மனத்துக்கும் உள்ள தொடர்பு யாதெனில், மூச்சு முட்டுங்கால் அச்சம் எழுகிறது. அச்சத்தால் மூச்சு மேலும் விரைகிறது. அதற்கஞ்சி நோயாளர் நடையைக் குறைக்கிறார். நடை குறையவே தசைகள் தளர்ந்து, சிறு வேலைக்கும் பெருமூச்சு வாங்குகிறது. நம் திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் திரளான மக்கள் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகின்றனர். அவ்வேளையில் தெருக்கோடி வரையும் நடக்க மாட்டாது திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவரை எண்ணிப் பார்க்க. நடையோடு ஊராரின் கூட்டுறவும் அவருக்கு அற்றுப்போகிறது. தனிமை சோர்வாக முதிர்கிறது; சோர்வுற்றவர் வேளை தவறாது மருந்துண்ண மறக்கிறார்.

அவர் இருமினால் அயலார் விலகுகின்றனர். எச்.ஐ.வி. இருமலாலோ, தொடுதலாலோ, உடனுண்ணுதலாலோ பரவுவதன்று. காசநோய் காற்றால் பரவும். ஆகையால் நீடித்த இருமலைச் சோதித்தல் வேண்டும். உரிய மருந்தால் அதுவும் குணமாகும்.

ஊரார்க்கஞ்சி நோயை மறைப்பவர், மருத்துவரிடத்தும் மறைத்துவிடின் பெருந்தீங்கு விளையும். ரிட்டோனவிர் என்னும் எச்.ஐ.வி. மருந்தை உண்போர், மூச்சுத் திணறலுக்குப் புளூட்டிகசோன் என்னும் மருந்தை உறிஞ்சினால், பின்னது உடலில் மிகுந்து ஊறு செய்யும். இரண்டு நோய்களையும் அறிந்த மருத்துவரே இதனைத் தவிர்க்க வல்லவர்.

இனிப் பரிகாரம் கூறுவாம். புகையிலையை அறவே விடுதல். மருத்துவர் கூறும் தடுப்பூசிகளை இடுவித்தல். மூக்கால் மூச்சை உள்ளிழுத்து, உதடுகளைக் குவித்து மெல்ல வெளிவிடப் பழகுதல். மருத்துவர் வகுத்த அளவில் நாடோறும் சிறிது சிறிதாக நடையைக் கூட்டுதல் ஆகியவை பெரிதும் உதவும். உறக்கமின்மை, பசியின்மை, வாழ்வில் வெறுப்பு ஆகியவற்றை முதுமையின் இயல்பெனத் தள்ளிவிடலாகாது. மனச்சோர்வும் சிகிச்சையால் தீரும் நோயே.

மாணவ நண்பர்காள், ஒருவருக்கு எச்.ஐ.வி. உண்டென்பதை அவர் இசைவின்றி வெளியிடுதலை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் விலக்குகிறது. நம்பிச் சொன்ன செய்தியை நெஞ்சில் காத்து, அம்முதியவரோடு அமர்ந்துண்டு, அவர் மூச்சுக்கு இசைந்த வேகத்தில் உடன் நடந்து வருதல் நம்மால் இயலும் தொண்டாகும்.