பாலாற்றங்கரையில் வில்லோ வளருமா?

காஞ்சிபுரத்தில் விளையாட்டுச் சாமான் கடைக்குக் கிரிக்கெட் பேட் வாங்கப் போகிறவர்கள், அதில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படித்துவிட்டுக் காசை எடுங்கள். 'பாப்புலர் வில்லோ' என்று போட்டிருந்தால் அது வில்லோவே அல்ல, பாப்லர் மரம். இரண்டும் ஒரே தாவரக் குடும்பம் என்பது உண்மைதான். சித்தப்பா மகனும் ஒரே குடும்பம்தான். அதற்காக நம் ரேஷன் கார்டில் அவன் பெயரைச் சேர்ப்பார்களா? பாலாற்று மணலில் டென்னிஸ் பந்து ஆட பாப்லர் தாராளமாகப் போதும். லெதர் பந்துக்கு வேண்டாம்.

இங்கிலீஷ் வில்லோவும் காஷ்மீர் வில்லோவும் வேறு வேறு மரங்கள் என்று ஒரு பேச்சு உண்டு. பேட் செய்ய முக்கியமாகப் பயன்படுவது இரண்டு இடத்திலும் வெள்ளை வில்லோதான். தாவரவியலில் சாலிக்ஸ் ஆல்பா. மண்ணும் தட்பவெப்பமும் மாறுவதால் காஷ்மீர்க் கட்டை சற்றுக் கனம், அவ்வளவே. அனந்தநாக் மாவட்டத்தில் சங்கம், பிஜ்பிஹாரா பக்கம் நெடுஞ்சாலையோரம் அந்தக் கட்டைகளை அடுக்கடுக்காகக் காயப் போட்டிருப்பார்கள்.

சட்டப்படி பேட் வில்லோவில்தான் இருக்க வேண்டும் என்பதும் தவறு. 1979 டிசம்பரில் பெர்த் டெஸ்டில் ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி அலுமினிய பேட்டோடு இறங்கினார். பந்து கெடுகிறது என்று இங்கிலாந்து கேப்டன் மைக் பிரியர்லி ஆட்சேபித்தார். அதன் பிறகுதான் அடிக்கும் பகுதி மரமாக இருக்க வேண்டும் என்று விதி வந்தது. என்ன மரம் என்று விதி சொல்லவில்லை. அளவு சரியாக இருந்தால் வேப்பங்கட்டையும் செல்லும். ஆடுகிறவன் கைதான் விண்விண்ணென்று தெறிக்கும்.

சரி, வில்லோ மரத்தை இங்கேயே வளர்த்துவிட்டால்? வெட்டிய கிளையை ஈரமண்ணில் செருகினால் துளிர்க்கும் மரம் அது. நீர்நிலையோரம் வளரும், வேகமாக 20 மீட்டரைத் தாண்டும். 'தண்ணீர் மரம்தானே, நம் ஏரிக்கரையில் வராதா' என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. மழையளவில் நாம் ஒன்றும் குறைந்தவர்களும் இல்லை. லண்டனில் ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் பெய்கிறது. காஞ்சிபுரத்தில் ஏறக்குறைய அதைப் போல இரண்டு மடங்கு.

சிக்கல் மாதக் கணக்கில் இருக்கிறது. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பும். குளிர்நாட்டில் வில்லோ இலையை உதிர்த்துவிட்டு உறங்கப் போகும் காலம் அது. அது விழித்துத் துளிர்விடும் பங்குனியில் காஷ்மீரில் பனி உருகி ஓடைகளில் நீர் ஏறும். இங்கே பாலாறு வெறும் மணல், சித்திரை வெயில் வாசலில் நிற்கும். உறங்க வேண்டிய காலத்தில் நம்மிடம் தண்ணீர் உண்டு, குளிர் இல்லை. தை மாத விடியற்காலையில் நாம் போர்த்திக்கொள்ளும் 20 டிகிரி, அதற்குக் கோடை. வளர வேண்டிய காலத்தில் வெயில் உண்டு, தண்ணீர் இல்லை. குடம் குடமாக ஊற்றி ஒரு மரத்தைக் காப்பாற்றலாம். தோப்பு ஆகாது.

நர்சரியில் கிளை தொங்கும் எதையாவது காட்டி வில்லோ என்று சொன்னாலும் நம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் அது நெட்டிலிங்கமாகவோ, தொங்கும் பாட்டில் பிரஷ்ஷாகவோ இருக்கும். வெள்ளை வில்லோவின் கிளைகள் இயல்பில் அப்படித் தரை வரை தொங்குவதில்லை. அழும் வில்லோ என்பது வேறு இனம். வெள்ளை வில்லோவை இலையைத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒடுங்கி நீண்ட இலை, ஓரத்தில் நுண்ணிய பற்கள், அடிப்பக்கம் பட்டு போன்ற வெள்ளி நிற மென்முடி.

நமக்கென்று ஒரு வில்லோ இல்லாமலும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைக்கரைகளில் நிற்கும் ஆற்றுப்பாலை வில்லோ பேரினத்தைச் சேர்ந்ததுதான். அதற்கும் காலடி ஈரம் வற்றக்கூடாது. காஞ்சி ஏரிக்கரையில் நட நீர்மருது, நாவல், புங்கு இருக்க, வில்லோவைத் தேடி ஓடுவானேன்?

கடைசியாக மருந்து. 1763இல் எட்வர்ட் ஸ்டோன் என்ற ஆங்கிலப் பாதிரியார், வில்லோ பட்டைப் பொடி குளிர்காய்ச்சலைத் தணிக்கிறது என்று லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். சதுப்பில் காய்ச்சல் வருகிறது, ஆகவே மருந்தும் சதுப்பில்தான் இருக்கும் என்பது அவர் தர்க்கம். தர்க்கம் தப்பு, கண்டது சரி. பட்டையில் உள்ள சாலிசின் உடலுக்குள் சாலிசிலிக் அமிலமாக மாறுகிறது. கால் ஆணிக்கு ஒட்டும் பிளாஸ்திரியில் இருப்பதும் இந்த அமிலம்தான்.

ஆனால் இன்றைய ஆஸ்பிரினுக்கு எந்த மரத்தின் பட்டையையும் உரிப்பதில்லை. பெட்ரோலிய வழிவந்த ஃபீனாலில் தொடங்கி ஆலையில் தயாராகிறது. சாலிசிலிக் அமிலத்தோடு அசிட்டைல் என்ற ஒரு துண்டு சேர்ந்தால்தான் அது ஆஸ்பிரின். இரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளாமல் நாள்கணக்கில் தடுப்பது அந்தத் துண்டின் வேலை. பட்டையில் அது கிடையாது. ஆகவே இதய டாக்டர் எழுதிய 75 மில்லிகிராம் மாத்திரையை நிறுத்திவிட்டு 'இயற்கை ஆஸ்பிரின்' என்று விற்கும் பொடியைக் கரைத்துக் குடிப்பது ஆபத்து. ஆஸ்பிரின் ஒவ்வாதவர்களுக்குப் பொடியும் ஆகாது. மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்வரை ஆஸ்பிரின் மாத்திரை, பட்டைப் பொடி இரண்டுமே வேண்டாம். ஏற்கெனவே இதயத்துக்காக மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அன்றே டாக்டரைக் கேட்டுவிடுங்கள்.