உயிர்ச்சத்து 'சி': மலைக் காய்கறியும் கொல்லைக் கொய்யாவும்

கேமரன் மலையில் திரிங்காப்பைக் கடந்து கம்போங் ராஜாவை நோக்கிச் செல்லும் சாலையில் அமைந்துள்ளது கோலா தெர்லா. தேயிலைக்குப் பெயர்பெற்ற அம்மலையில் இவ்வட்டாரம் காய்கறிக்குப் பெயர்பெற்றது. சரிவுகளில் விளையும் முட்டைக்கோசும் தக்காளியும் கீரை வகைகளும் லாரிகளில் மலையிறங்கிச் சந்தைகளை அடைகின்றன. அங்கிருந்து கடைகளுக்கும் வீடுகளுக்கும் வருகின்றன. அவற்றில் அடங்கியுள்ள ஒரு சத்தோ வரும் வழியிலேயே சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டிருக்கிறது. அதுவே உயிர்ச்சத்து 'சி'.

ஆடும் மாடும் இச்சத்தைத் தம் உடலிலேயே உண்டாக்கிக்கொள்கின்றன. மனிதனால் அஃது இயலாது. உணவின் மூலமே பெறவேண்டும். மிகுதியாக உண்டாலும் உடல் நெடுங்காலத்திற்குச் சேமித்து வைப்பதில்லை. தோல், ஈறு, இரத்தக் குழாய் ஆகியவற்றைக் கட்டிக் காக்கும் கொல்லாஜன் என்னும் புரதம் உருவாக இது தேவை. பால்வெட்டுக் கத்தி கையில் பட்ட காயம் ஆறுவதற்கும் இச்சத்து வேண்டும். பல வாரங்கள் இஃது அறவே இல்லாதொழிந்தால் உடல் சோர்ந்து, ஈறு வீங்கி இரத்தம் கசிந்து, ஆறிய புண்ணும் மீண்டும் திறக்கும். இந்நோய்க்கு ஸ்கர்வி என்று பெயர்.

1747ஆம் ஆண்டில் 'சாலிஸ்பரி' என்னும் ஆங்கிலக் கப்பலில் இந்நோயுற்ற 12 மாலுமிகளை, ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர் இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு பொருள்களை அளித்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைவில் தேறினர். ஆயினும், எலுமிச்சைச் சாறு அக்கடற்படையில் முறையாக வழங்கப்பட்டது 1795இல்தான். கண்டறிந்த உண்மை உண்போரிடம் சென்று சேர ஏறத்தாழ அரை நூற்றாண்டு பிடித்தது!

இன்று முழு அளவிலான ஸ்கர்வி நோய் அரிது. ஈற்றில் இரத்தம் வருவோரிற் பெரும்பாலோருக்குப் பல் துலக்குவதில் உள்ள குறையே காரணம். ஆனால், நோயாக வெளிப்படாத பற்றாக்குறை ஏற்படக்கூடும். புகைபிடிப்போர்க்கு இச்சத்து மற்றவரினும் மிகுதியாகத் தேவைப்படுகிறது.

வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு 70 மில்லிகிராம் வேண்டும் என்பது மலேசியப் பரிந்துரை. நடுத்தரமான ஒரு கொய்யாப்பழமே இதற்குப் போதும். வகைக்கேற்ப மாறுபடினும், எடைக்கு எடை பார்க்கும்போது ஆரஞ்சினும் இரண்டு மூன்று மடங்கு கொய்யாவில் உண்டு. பப்பாளியும் முருங்கைக்கீரையும் பச்சை மிளகாயும் இவ்வகையில் சிறந்தவை. லயத்துக் கொல்லையில் தாமாகக் காய்த்து உதிர்வனவற்றை விடுத்துக் கடை ஆரஞ்சுக்குக் காசு செலவிடுவானேன்?

இச்சத்து நீரில் கரையும். வெப்பத்திலும் காற்றுப்பட்டும் அழியும். முட்டைக்கோசு ஓரளவு தாங்கும். மெல்லிய இலைகொண்ட கீரையோ, வெயிலில் ஓரிரு நாள் கிடந்தாலே பெரும்பகுதியை இழந்துவிடும். ஆகவே, வாங்கிய அன்றே சமைப்பது நலம். நறுக்கியபின் கழுவுவதும், நறுக்கியதை நீரில் ஊறவைப்பதும் சத்தை வாய்க்காலில் ஊற்றுவதற்கு ஒப்பாகும். கழுவியபின் நறுக்குக, குறைந்த நீரில், மூடிய பாத்திரத்தில், சிறிது நேரமே வேகவைக்க. வெந்த நீரைக் கொட்டாமல் ரசத்திலோ குழம்பிலோ சேர்த்துக்கொள்ளலாம். எலுமிச்சைச் சாற்றை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே பிழிதல் வேண்டும்.

சளி பிடிக்காமல் தடுக்கும் என்று நம்பி மாத்திரை வாங்குவோர் பலர். நாள்தோறும் உட்கொண்டால் சளியின் காலம் சற்றுக் குறையலாமேயன்றி, சளி வருவதை அது பொதுவாகத் தடுப்பதில்லை. அளவுமீறினால் வயிற்றுப்போக்கு உண்டாகும். சிறுநீரகக் கல் உள்ளோர் மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளலாகாது.

தாய்மார்கள் கருத்தில் கொள்ளவேண்டிய செய்தி மற்றொன்று. இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகை, கருவுற்ற பெண்ணைச் சோர்வுறச் செய்வதோடு பிரசவத்திலும் ஆபத்தை வளர்க்கும். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்பதில்லை. அதே வேளையில் உயிர்ச்சத்து 'சி' உடன் சேருமானால் அதிக அளவில் ஏற்கிறது. தேநீரோ அதற்கு நேர்மாறாக அவ்விரும்பைப் பற்றிக்கொண்டு உடலிற் சேரவிடாமல் தடுக்கிறது. தேயிலை விளையும் மலைக்கு இஃது உவப்பான செய்தியன்று. எனினும் தேநீரைக் கைவிட வேண்டுவதில்லை. பசியாறும்போது உணவோடு சேர்த்துப் பருகாமல், ஒரு மணி நேரம் கழித்து, வெட்டு முடிந்து பால் எடுக்கும் வரையிலான ஓய்வில் பருகலாம். பசியாறும் வேளையில் தோசைக்குப் பின் ஒரு துண்டு கொய்யாவோ பப்பாளியோ உண்க. கிளினிக்கில் இரும்பு மாத்திரை பெறும் தாய்மார்கள் அதனைத் தேநீருடன் விழுங்காமல் தண்ணீருடன் விழுங்குதல் வேண்டும்.