மின்தேக்கி ஒலிவாங்கி செய்வோமா?

தோழியரே, மின்தேக்கி ஒலிவாங்கியில் இருப்பவை இரண்டே தகடுகள். மெல்லிய முன்தகடு நம் குரலுக்கு அதிர, இடைவெளி மாறி, குரல் மின்சாரமாகிறது. 1916-இல் வென்ட் என்ற அமெரிக்கர் அமைத்த இக்கருவிக்கு உயர் மின்னழுத்தம் வேண்டும். வீட்டில் தொடவே அச்சம்! 1962-இல் வெஸ்ட், செஸ்லர் இருவரும் மின்னூட்டத்தைத் தானே தாங்கும் படலத்தால் அந்த அச்சத்தைப் போக்கினர்.

அந்த 'எலெக்ட்ரெட்' வில்லை சட்டைப் பொத்தான் அளவே. உறையோடு சேர்ந்த காலை 3 வோல்ட் பாட்டரியின் எதிர்முனையிலும், மற்றதை 2.2 கிலோ ஓம் மின்தடை வழியாக நேர்முனையிலும் இணையுங்கள். மின்தடை சேரும் காலிலிருந்து 1 மைக்ரோபாரட் மின்தேக்கி வழியாக ஒலிபெருக்கிக்குக் கம்பி செல்லட்டும். பற்றவைக்கும் சூடு நீடித்தால் வில்லை கெடும். எதிர்முனையோடு இணைத்த தகர டப்பாவுக்குள் வைத்தால் இரைச்சல் குறையும். விழா மேடையில் செய்வதுபோல் ஊதிப் பார்க்காதீர்கள். மூச்சின் ஈரம் அதற்கு ஆகாது.