இறுகிப்போன ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவது எப்படி?



அண்மையில் எங்கள் ஆலோசனை நாளுக்கு வந்த ஒரு தம்பி கேட்டார்: "ரீச்சர், சித்தப்பாவின்ர காரில ஒரு பிளக் அசையுதேயில்லை. ஸ்பானருக்குப் பைப் போட்டு முறுக்கட்டோ?" வேண்டாம் என்றேன். காரணத்தை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

ஏன் இறுகுது?

1990இல் பொருளாதாரத் தடை வந்த பிறகு யாழ்ப்பாணத்தில் ஏ40, மொரிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியது உங்களில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பிளக்கில் கரி பிடிக்கும். அடிக்கடி கழற்றித் துடைப்பார்கள். அதனால் அது இறுக நேரமே இல்லை. அந்தக் கார்களின் சிலிண்டர் ஹெட் வார்ப்பிரும்பு. கொஞ்சம் பலமாக முறுக்கினாலும் தாங்கும்.

இங்கே கதை வேறு. இப்போதைய கார்களில் ஹெட் அலுமினியம், பிளக்கின் மரை இரும்பு. இரண்டு உலோகமும் ஈரத்தோடு வருடக்கணக்காக ஒட்டிக்கிடந்தால் அரிப்பு ஏற்பட்டுப் பிடித்துக்கொள்ளும். அலுமினியம் மென்மையானது. ஊரில் முறுக்கின மாதிரி முறுக்கினால் மரை உரியும், இல்லாவிட்டால் பிளக் உள்ளே முறியும். பிறகு ஹெட்டையே கழற்ற வேண்டி வரலாம். பழைய காரென்றால் அந்தச் செலவு காரின் விலையைத் தாண்டும்.

செய்யும் முறை

1. இஞ்சின் நன்றாக ஆறட்டும். சூட்டில் அலுமினிய மரை இன்னும் எளிதில் உரியும்.

2. பிளக் வயரை அதன் தொப்பியில் பிடித்து இழுங்கோ, வயரில் பிடித்து இழுக்காதீங்கோ. எந்த வயர் எந்தப் பிளக்குக்கு என்று குறித்து வையுங்கோ.

3. பிளக்கைச் சுற்றியுள்ள மண், தூசியைத் தூரிகையால் துடைத்தெடுங்கோ. இல்லாவிட்டால் அது சிலிண்டருக்குள் விழும்.

4. கார் சாமான் கடையில் 'பெனட்ரேட்டிங் ஒயில்' என்று கேளுங்கோ. பிளக்கின் அடியில் சில சொட்டு விட்டு, ஓர் இரவு அப்படியே விடுங்கோ. எளிதில் தீப்பற்றும்; பக்கத்தில் சிகரெட் கூடாது.

5. சரியான அளவு பிளக் சொக்கெட்டை (பெரும்பாலும் 16 அல்லது 21 மி.மீ.) நேராகப் போட்டு, மணிக்கூட்டுக்கு எதிர்த்திசையில் மெதுவாக அழுத்துங்கோ. கொஞ்சம் அசைந்ததும் நிறுத்தி, மற்றப் பக்கம் திருப்பி இறுக்குங்கோ. இன்னும் இரண்டு சொட்டு விட்டு மறுபடியும் கழற்றுங்கோ. இப்படி முன்னும் பின்னுமாகப் போனால்தான் மரையில் உள்ள கரி உதிரும்.

6. கைபிடி வளைந்து கொடுத்து, பிளக் அசையாவிட்டால் அதோடு நிறுத்துங்கோ. கராஜில் அதற்கான கருவி இருக்கிறது. நிறுத்துவது தோல்வி இல்லை.

7. புதுப் பிளக்கை முதலில் விரலால் மட்டும் ஏற்றுங்கோ. விரலால் போகாவிட்டால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது. எடுத்துவிட்டுத் திரும்பப் போடுங்கோ. விரலால் இறுகிய பின், வளையம் உள்ள 14 மி.மீ. பிளக் என்றால் ஏறத்தாழ அரைச் சுற்று போதும். வளையம் இல்லாத கூம்பு வடிவப் பிளக்குக்குப் பதினாறில் ஒரு சுற்றுத்தான்.

சட்டம் பற்றி மூன்று விடயம்

சட்டனில் கனபேருக்கு வீட்டோடு கார் நிறுத்த இடம் இல்லை, தெருவில்தான் திருத்துகிறோம். 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி காசுக்காகத் தெருவில் கார் திருத்துவது குற்றம். கவுன்சில் 100 பவுண் தண்டம் போடலாம். சொந்தக் காரென்றாலும் அயலவருக்குத் தொந்தரவு வரக்கூடாது.

இரண்டாவது, ஊரில் மெக்கானிக்காக இருந்த தம்பிமாருக்கு. "என்ர வானைப் பார், இருபது பவுண் தாறன்" என்று யாராவது கேட்பார்கள். தஞ்சக் கோரிக்கை முடிவாகாமல் இருப்பவருக்குப் பொதுவாக வேலை செய்ய அனுமதி இல்லை. காசுக்குப் பதில் அரிசி மூட்டை தந்தாலும் அது கூலிதான். இருபது பவுணுக்காக உங்கள் வழக்கைக் கெடுக்காதீங்கோ. உங்கள் தவறில்லாமல் 12 மாதத்துக்கு மேல் முடிவு வராவிட்டால் ஹோம் ஒபிஸிடம் வேலை அனுமதி கேட்கலாம். அனுமதி கிடைத்தாலும் குறிப்பிட்ட சில தொழில்கள்தான். சொந்தத் தொழில் செய்ய முடியாது. விதிகள் மாறுவதால் முதலில் உங்கள் சட்டத்தரணியிடம் கேளுங்கோ.

மூன்றாவது, ஹோம் ஒபிஸிடம் உதவிப் பணம் எடுப்பவரின் பெயரில் கார் இருந்தால் அது சொத்தாகக் கணக்கில் வரும். மறைக்காமல் சொல்லிவிடுங்கோ.

அந்தத் தம்பி ஒயில் விட்டு இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் பிளக் முழுசாகக் கழன்று வந்தது. கடிதமோ படிவமோ விளங்காவிட்டால் அதையும் எடுத்துக்கொண்டு ஆலோசனை நாளில் வாங்கோ, இருந்து பார்ப்போம்.