நெல்லுக்குத் தடை, அரிசிக்கு இல்லை!
(அமெரிக்க எண்ணெய்ச் சட்டம் சொல்லித் தரும் பாடம்)

முதலில் ஒரு கற்பனைக் கணக்கு. ஓர் ஊரில் நெல்லை வெளியூருக்கு விற்கக் கூடாது, அரைத்த அரிசியை மட்டும் விற்கலாம் என்று சட்டம். அந்த வருஷம் அமோக விளைச்சல். நெல் விலை என்ன ஆகும்? சரியும். லாபம் யாருக்கு? மில்காரருக்கு! உள்ளூர் விலைக்கு நெல்லை வாங்கி, வெளியூர் விலைக்கு அரிசியை விற்பார். "சட்டத்தை எடு" என்பார் விவசாயி. "இருக்கட்டும்" என்பார் மில்காரர். ரெண்டு பேரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "ஊர் நன்மைக்காக!"

இதேதான் அமெரிக்காவில் நடந்தது. நெல்லுக்குப் பதில் கச்சா எண்ணெய். அரிசிக்குப் பதில் பெட்ரோல், டீசல்.

சட்டம் ஏன் வந்தது?

1973-இல் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் தர மறுத்தன. பெட்ரோல் பங்குகளில் நீண்ட வரிசை. அதனால் 1975-இல் அமெரிக்க மத்திய அரசு கச்சா எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. கனடாவுக்கு விற்பது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. பெட்ரோல், டீசல் ஏற்றுமதியை அந்தத் தடை தொடவில்லை.

மோதல் எப்படி வந்தது?

ஷேல் பாறையைப் பிளந்து எண்ணெய் எடுக்கும் முறை பரவியது. 2008-இல் நாளுக்குச் சுமார் 50 லட்சம் பீப்பாயாக இருந்த உற்பத்தி, 2015-இல் 90 லட்சத்தைத் தாண்டியது. (ஒரு பீப்பாய் சுமார் 159 லிட்டர்.) உள்நாட்டு விலை உலக விலைக்குக் கீழே போனது. குழாய்வழி நெருக்கடியும் இதற்கு ஒரு காரணம்.

எண்ணெய் எடுக்கும் கம்பெனிகள் 2014-இல் கூட்டணி அமைத்து, தடையை நீக்கச் சொல்லி வாஷிங்டனில் ஆதரவு திரட்டின. இதற்குப் பெயர்தான் 'லாபி'. அங்கே இது குற்றமில்லை. ஆனால் 1995-ஆம் வருடச் சட்டப்படி பதிவு செய்யணும், செலவுக் கணக்கும் காட்டணும். எதிர்த்தது யார்? 4 சுத்திகரிப்பு நிறுவனங்கள் சேர்ந்த இன்னொரு கூட்டணி! 'பெட்ரோல் விலை ஏறும், வேலை போகும்' என்பது அவர்கள் வாதம். சுற்றுச்சூழல் அமைப்புகளும் எதிர்த்தன. கிணறு கூடினால் புகையும் கூடும் என்பது அவர்கள் கவலை.

யார் சொன்னது சரி?

லாபத்துக்காகப் பேசுகிறார் என்பதாலேயே ஒருவர் சொல்வது பொய்யாகிவிடாது. சரிபார்க்கணும், அவ்வளவுதான். அரசின் எரிசக்தித் தகவல் துறை 2015-இல் ஆராய்ந்து, தடை நீங்கினால் பெட்ரோல் விலை ஏறாது, கொஞ்சம் குறையவும் கூடும் என்றது. ஏன்? பெட்ரோல் ஏற்கெனவே உலக விலையில்தானே விற்றது! ஆக, விலை விஷயத்தில் எண்ணெய் கம்பெனிகளின் வாதம் நின்றது. புகைக்கு மட்டும் அவர்கள் கணக்கில் இடமே இல்லை.

முடிவு

2015 டிசம்பர் 18 அன்று அதிபர் ஒபாமா கையெழுத்திட, தடை நீங்கியது. பதிலுக்குக் காற்றாலை, சூரிய மின்சாரத்துக்கான வரிச்சலுகை நீட்டிக்கப்பட்டது. 2023-இல் ஏற்றுமதி நாளுக்குச் சுமார் 40 லட்சம் பீப்பாய்! 2017 அக்டோபர் 2 அன்று சுமார் 16 லட்சம் பீப்பாயோடு ஒரு கப்பல் நம் ஒடிசாவின் பாரதீப் துறைமுகத்துக்கே வந்து சேர்ந்தது.

நமக்கு என்ன பாடம்?

'மக்கள் நன்மைக்காக' என்று யார் சொன்னாலும் மூன்று கேள்வி கேளுங்கள்.

1. இதில் சொல்பவருக்கு என்ன லாபம்?
2. அவர் சொல்லும் கணக்கை வேறு யாராவது சரிபார்த்தார்களா?
3. அந்தக் கணக்கில் விட்டுப்போனது எது?

எண்ணெய் கம்பெனிக்கும் சுத்திகரிப்பு ஆலைக்கும் வாஷிங்டனில் பேச ஆள் உண்டு. பங்கில் வண்டியோடு நிற்பவருக்கு இந்த மூன்று கேள்விதான் துணை.

சிந்திப்போம்!