கணக்கேட்டுக்குக் கோடு போடுபவர்



நம் பிள்ளைகளில் பலர் இப்போது கம்ப்யூட்டர் படிப்புப் படிக்கிறார்கள். 1984-ல் தொடங்கப்பெற்று இப்போது சிந்தோக்கில் உள்ள உத்தாரா மலேசியப் பல்கலைக்கழகத்திலும், பீடோங் பக்கத்து எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்திலும் பட்டம் பெற்று, பினாங்கிலும் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவிலும் உத்தியோகம் தேடிப் போகிறார்கள். என்ன வேலை என்று கேட்டால் முதலில் ‘புரோகிராமர்’ என்கிறார்கள். பத்துப் பதினைந்து வருஷம் சென்றபின் ‘சாப்ட்வேர் ஆர்க்கிடெக்ட்’ என்கிறார்கள். சம்பளம் கூடியிருக்கிறது என்பது மட்டும் தகப்பனாருக்கு விளங்குகிறது. வேலை இன்னதென்பது விளங்குவதில்லை. அதை நமக்குப் பழக்கமான வியாபார மொழியிலேயே விளக்குவது இப்பாடத்தின் நோக்கம்.

1. கிராணியும் கோடு போட்டவரும்

ரப்பர்த் தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்தைப் பார்த்தவர்கள் நம்மில் உண்டு. கிராணி அதில் தொழிலாளியின் பெயர், வேலை செய்த நாள், பாலின் எடை ஆகியவற்றை எழுதிவருவார். அவர் எவ்வளவு கெட்டிக்காரராயினும் புத்தகத்தில் கோடு போட்டிருக்கும் பத்திகளில்தான் எழுத முடியும். முன்பணத்திற்கு ஒரு பத்தி விடாமற்போனால், அதை ஓரத்தில் கிறுக்குவார். மாதக் கடைசியில் சண்டை வரும். சண்டைக்குக் காரணம் கிராணி அல்ல, கோடு போட்டவர்.

கம்ப்யூட்டருக்குக் கட்டளைகளை எழுதுகிறவர் புரோகிராமர். அக்கட்டளைகள் எழுதப்படுமுன், எவை எவற்றைப் பதிய வேண்டும், எதை எதிலிருந்து பிரித்து வைக்க வேண்டும், எந்தப் பகுதி கெட்டால் எந்தப் பகுதி நிற்காமல் ஓட வேண்டும் என்று தீர்மானிக்கிறவர் ஆர்க்கிடெக்ட். தமிழில் மென்பொருள் கட்டமைப்பாளர் என்கிறோம்.

2. மாறுவதும் மாறாததும்

இத்தொழிலின் தலையாய திறமை, நாளை மாறக்கூடியது எது, மாறாதது எது என்று முன்கூட்டியே பிரித்தறிவது. இதற்கு நம் கடைகளே சாட்சி.

2015 ஏப்ரல் 1-ல் நம் நாட்டில் ஜி.எஸ்.டி. என்னும் பொருள் சேவை வரி 6 விழுக்காட்டில் அமலுக்கு வந்தது. 2018 ஜூன் 1-ல் அது பூஜ்யமாயிற்று. அதே ஆண்டு செப்டம்பர் 1-ல் விற்பனை வரியும் சேவை வரியும் திரும்பி வந்தன. 2024 மார்ச் 1-ல் சேவை வரி 8 விழுக்காடாக உயர்ந்தது; ஆனால் உணவு பானம், தொலைத்தொடர்பு, வாகன நிறுத்துமிடம் முதலியவற்றுக்கு 6 விழுக்காடே நீடித்தது. அதே 2024 ஆகஸ்ட் 1 முதல் பெரிய நிறுவனங்கள் தொடங்கி, மின்னியல் விலைப்பட்டியல் முறையும் படிப்படியாக வந்தது.

பில் போடும் மென்பொருள் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அதை எழுதியவர் விலையை 6 விழுக்காட்டால் பெருக்கும் கட்டளையை நூறு இடங்களில் எழுதியிருந்தால், ஒவ்வொரு மாற்றத்திற்கும் நூறு இடங்களைத் தேடித் திருத்த வேண்டும். ஓரிடம் தப்பினாலும் கணக்குப் பொய்யாகும். கட்டமைப்பாளரோ ‘எந்தத் தேதியிலிருந்து, எந்த வகைச் சரக்குக்கு அல்லது சேவைக்கு, என்ன வரி’ என்று தனிப் பட்டியல் ஒன்று வைத்திருப்பார். வரி மாறினால் பட்டியலில் ஒரு வரியைச் சேர்த்தால் போதும்; போன வருஷத்துப் பில்லை இன்று எடுத்தாலும் அன்றைய வரியே காட்டும். விகிதம் மாறும், தேதியும் வகையும் என்றும் தேவைப்படும் என்று முதல் நாளே கண்டதில்தான் திறமை இருக்கிறது.

3. எழுத்திலும் இதே பாடம்

நம் நாட்டிலேயே இதற்கு நல்லதொரு முன்மாதிரி உண்டு. மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் அவர்கள் 1980-களின் நடுவில் ‘முரசு’ என்னும் தமிழ் மென்பொருளைத் தொடங்கினார். அது ‘முரசு அஞ்சல்’ ஆக வளர்ந்தது. 2005-ல் கைத்தொலைபேசிக்குச் ‘செல்லினம்’ வந்தது. ஆப்பிள் நிறுவனத்தின் சாதனங்களில் உள்ள தமிழ் எழுத்துருக்களும் அவர் கைவண்ணமே. கம்ப்யூட்டரின் வடிவும் அளவும் பலமுறை மாறிய காலம் முழுதும் ஒரே துறையில் நின்று உழைத்தவர்.

அவர் தலைமுறையினர் எதிர்கொண்ட சிக்கல் யாது? கம்ப்யூட்டர் எழுத்தை எண்ணாகவே சேமிக்கிறது. தொடக்க காலத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தன் இஷ்டப்படி எண் வைத்துக்கொண்டது. ஓர் எழுத்துருவில் அடித்த கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால், விளங்காத குறிகளே வரும். அப்படிப் படிக்க முடியாமற்போன சங்க அறிக்கைகளும் மலர்களும் எத்தனையோ! எழுத்தையும் அதன் உருவத்தையும் ஒன்றாகக் கட்டிவைத்ததே பிழை.

1991-ல் வெளிவந்த யூனிகோடு முறையில் இவ்விரண்டும் பிரிக்கப்பட்டன. தமிழின் 247 எழுத்துக்களுக்கும் தனித்தனி எண் தராமல், மெய் வரிசைக்கும் உயிர்க்குறிக்கும் எண் தந்தார்கள். ‘கி’ என்பது ககரமும் இகரக் குறியும் சேர்ந்து சேமிக்கப்படுகிறது. திரையில் எப்படித் தோன்ற வேண்டும் என்பதை எழுத்துரு பார்த்துக்கொள்ளும்.

மதரஸாவில் ஓதிய நமக்கு இது புதிதன்று. ‘பே’ என்னும் அரபு எழுத்து சொல்லின் முதலில் ஒரு வடிவம், நடுவில் ஒரு வடிவம், கடைசியில் ஒரு வடிவம் கொள்கிறது. வடிவம் மாறினும் எழுத்து ஒன்றே. யூனிகோடும் ஒரே எழுத்தாகவே அதைச் சேமித்து, வடிவத்தைத் திரைக்கு விட்டுவிடுகிறது.

4. அனுபவம் எதற்கு?

பட்டம் பெற்ற மறுநாளே ஒருவர் கட்டமைப்பாளர் ஆக முடியாது. தாம் எழுதியது நள்ளிரவில் நின்றுபோக, அதை எழுந்து சரிசெய்தவருக்கே அடுத்த முறை எங்கே உடையும் என்பது தெரியும். சில வருஷம் பிறர் வரைந்த திட்டத்தின்படி எழுதி, சில வருஷம் சிறு குழுவை நடத்தி, தம் பிழையின் பலனைத் தாமே அனுபவித்த பிறகே அந்தப் பதவி தகும்.

அனுபவசாலி முதலில் கேள்வி கேட்பார். “கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை; பினாங்கில் சனியும் ஞாயிறும். இரு மாநிலத்திலும் கடை இருந்தால் வாரக் கணக்கை எந்நாளில் முடிப்பீர்கள்?” என்பார். “ஜகாத்துக்கு உரிய சந்திர ஆண்டு சுமார் 354 நாள், வருமான வரிக்கு 365 நாள். இரண்டு காலண்டரும் வேண்டுமா?” என்பார். “கடன் வாடிக்கையாளரை எதைக்கொண்டு அடையாளம் காண்பீர்கள்?” என்பார். பெயர் என்றால் ஊரில் பத்து முகம்மது யூசுப் உண்டு. அடையாள அட்டை எண் என்றால், தோட்டத்தில் வேலை செய்யும் இந்தோனேசியரிடமும் வங்காளதேசத்தவரிடமும் அது இல்லை. கடவுச்சீட்டு எண்ணோ புதுப்பிக்கும்போது மாறிவிடும். ஆகவே கடைக்கென்று ஒரு வாடிக்கையாளர் எண் கொடுத்து, மற்றவற்றை அதன்கீழ் எழுதச் சொல்வார். இளைஞனுக்கு இக்கேள்விகள் தோன்றா. கடையில் நின்று வளர்ந்த இளைஞனுக்குத் தோன்றும்!

உலக அளவிலும் இதுவே பாடம். ஐ.பி.எம். நிறுவனம் 1964 ஏப்ரல் 7-ல் சிஸ்டம்/360 என்னும் கம்ப்யூட்டர் குடும்பத்தை அறிவித்தது. சிறிய இயந்திரத்துக்கு எழுதிய நிரல் பெரிய இயந்திரத்திலும் ஓடும்படி, பொது விதிகளை முதலில் வகுத்துக்கொண்டு பின்னர் இயந்திரங்களைச் செய்தார்கள். அம்முயற்சியை நடத்திய பிரெட் புரூக்ஸ் 1975-ல் எழுதிய நூலில், தாமதமான மென்பொருள் வேலையில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று தம் அனுபவத்தைச் சொன்னார். புதிதாய் வந்தவருக்குச் சொல்லிக்கொடுப்பதிலேயே பழையவரின் நேரம் போய்விடும். ஆளைக் கூட்டித் திட்டக் குறையை மூட முடியாது.

இன்று நிரலை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. எழுதுவது சுலபமாக ஆக, எதை எழுதுவது என்று தீர்மானிப்பவரின் பொறுப்பு கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை.

5. அமானிதம்

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம். தவணைக் கடனை எழுதிக்கொள்ளவும், எழுதுபவர் நீதியோடு எழுதவும், தொகை சிறிதாயினும் எழுதச் சோம்பாதிருக்கவும், சாட்சி வைக்கவும் அது பணிக்கிறது. அன்று ஏட்டில் எழுதினவரின் கடமை, இன்று ஏட்டைக் கம்ப்யூட்டரில் வகுப்பவருக்கும் உண்டு. அழித்ததைத் தடயமில்லாமல் அழிக்க விடாமல், யார் எப்போது எதைத் திருத்தினார் என்று பதியச் செய்வது அவர் கடமை. “இந்த வசதி உங்களுக்கு வேண்டாம், வீண் செலவு” என்று முதலாளியின் முகத்துக்கு நேரே சொல்வதும் அவ்வாறே.

ஆகையால் சகோதரர்களே, கடைக்கு மென்பொருள் வாங்குமுன் விற்பவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். வரி மாறினால் யார், எத்தனை நாளில் மாற்றுவார்? இணையமோ மின்சாரமோ நின்றால் பில் போட முடியுமா? தினசரிக் கணக்கின் நகல் வேறோர் இடத்தில் இருக்கிறதா? நாளை வேறு மென்பொருளுக்கு மாறினால் என் கணக்கு முழுவதையும் என் கையில் தருவீர்களா? கடைசிக் கேள்விக்குத் தயங்குபவரிடம் உங்கள் பற்று வரவை ஒப்படைக்காதீர்கள்.

மற்றொன்று. கம்ப்யூட்டர் படிக்கும் மகனை “உனக்குக் கடை எதற்கு?” என்று விலக்கி வைக்காதீர்கள். விடுமுறையில் கல்லாவில் உட்கார வையுங்கள். சரக்கு இறங்கும்போது எண்ணச் சொல்லுங்கள். வராத கடனை வசூலிக்க அனுப்புங்கள். கணக்கு எங்கே இடறும் என்பதை அவன் கண்ணால் காணட்டும். நாளை அவன் பிறருடைய கணக்கேட்டுக்குக் கோடு போடும்போது, எந்தப் பத்தியும் விடுபடாது. இன்ஷா அல்லாஹ்.